செங்குத்துக் காற்றாலை ஏன் நிற்கிறது? டெல்டா காற்றும் இறக்கை வடிவமும்

போன ஆடியில் மாமா ஒரு வீடியோ அனுப்பினார். காவிரி டெல்டாவில், தலைஞாயிறுக்குத் தெற்கே இறால் குட்டை வைத்திருக்கிறார். குட்டைக் கரையில் ஒரு இரும்புக் கம்பம், அதன் உச்சியில் நெட்டுக்குத்தாக மூன்று இறக்கைகளோடு ஒரு காற்றாலை. பின்னால் தென்னை மட்டைகளெல்லாம் கிழக்குப் பார்த்து வாரிச் சீவியதுபோல் சாய்ந்து கிடக்கின்றன. காற்றாலை மட்டும் அரைச் சுற்று போகிறது, நிற்கிறது, மறுபடி அசைகிறது. "மாப்ள, காத்து இந்த அடி அடிக்குது. இது ஏன் சுத்த மாட்டேங்குது?" என்று பின்னணியில் அவர் குரல்.

காவல் கொட்டகைக்கு ஒரு விளக்கு, இரண்டு கேமரா, போன் சார்ஜர். இதற்கு ஒரு பேட்டரி நிறைந்தால் போதும் என்றுதான் அதை வாங்கினார். குட்டைத் தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டருக்கு ஒன்று, இரண்டு குதிரைத்திறன் மோட்டார் வேண்டும். அதற்கு இது காணாது என்று அவருக்கே தெரியும். விற்றவர் சொன்னது இரண்டு விஷயம்: எந்தத் திசைக் காற்றுக்கும் சுற்றும், லேசான காற்றே போதும். முதலாவது உண்மை. இரண்டாவது இறக்கையைப் பொறுத்தது.

டெல்டா காற்றைப் பற்றி முதலில் கொஞ்சம். தமிழ்நாட்டின் பெரிய காற்றாலைப் பண்ணைகள் பல்லடம், உடுமலை, முப்பந்தல், கயத்தாறு பக்கம் நிற்பதற்குக் காரணம் கணவாய்கள். பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி என்று மலை இடுக்குகளில் நெருக்கிப் பிடித்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று அங்கே பாய்கிறது. காவிரிப் படுகைக்கு வந்து சேர்வதற்குள் அந்தக் காற்று பரந்துவிடுகிறது. ஆடியில் மேற்கிலிருந்து வருவதை நாகை மீனவர்கள் கச்சான் என்பார்கள். ஐப்பசி, கார்த்திகையில் வடக்கிலிருந்து வாடையும் கிழக்கிலிருந்து கொண்டலும். கோடையில் பகல் சாய்ந்தால் கடற்காற்று. ஆக, திசை வருஷத்துக்கு இரண்டு முறை புரள்கிறது. கரையோரத்தில் ஒரே நாளிலும் புரள்கிறது. திசை பார்த்துத் திரும்ப வேண்டிய தேவை இல்லாத செங்குத்துக் காற்றாலைக்கு இது நல்ல இடம்தான். ஜெனரேட்டரைக் கீழேயே வைத்துக்கொள்ளலாம் என்பது இன்னொரு வசதி.

காற்றின் வேகம்தான் சிக்கல். காற்றில் இருக்கும் சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கம். வேகம் இரட்டித்தால் சக்தி எட்டு மடங்கு. வினாடிக்கு 5 மீட்டர் 4 ஆகக் குறைந்தால் சக்தி பாதியாகிவிடும். இந்தக் கட்டுரை முழுக்க வினாடிக்கு 5 மீட்டர் என்றே கணக்கு வைத்துக்கொள்கிறேன். மணிக்கு 18 கிலோமீட்டர். சின்னக் கொடி விரிந்து நிற்கும், மரத்தில் இலைகள் ஓயாமல் அசையும், அவ்வளவுதான். மாமாவின் காற்றாலை 2 மீட்டர் உயரம், 2 மீட்டர் விட்டம். காற்றுக்குக் காட்டும் பரப்பு 4 சதுர மீட்டர். நம் ஊர் வெப்பத்தில் காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு ஏறத்தாழ 1.16 கிலோ. கணக்குப் போட்டால் அந்தப் பரப்பில் பாயும் சக்தி 290 வாட். அதில் 59.3 சதவீதத்துக்கு மேல் எந்த எந்திரத்தாலும் எடுக்க முடியாது என்பது சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன் ஜெர்மனியின் ஆல்பர்ட் பெட்ஸ் காட்டிய வரம்பு. நல்ல சிறிய செங்குத்துக் காற்றாலையின் இறக்கைகள் 30 சதவீதம் பிடித்தால் பெரிய விஷயம். அதாவது 87 வாட். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

செங்குத்து அச்சு புதிது ஒன்றும் இல்லை. ஈரானின் நஷ்டிஃபானில் மண்ணும் மரமும் கொண்டு கட்டிய பழைய காற்றாலைகள் இன்றும் நிற்கின்றன. காற்றின் தள்ளலில் ஓடுபவை அவை. பின்லாந்துக்காரர் சிகுர்ட் சவோனியஸ் 1920களில் செய்ததும் தள்ளலில் ஓடுவதுதான். ஒரு நீல பேரலை நெடுக்காக இரண்டாக அறுத்து, பாதிகளைச் சற்றுத் தள்ளி எதிரெதிராகப் பற்றவைத்தால் சவோனியஸ் காற்றாலை. குழிந்த பக்கம் காற்றை அதிகம் வாங்கும், குவிந்த பக்கம் வழுக்கிவிடும். வானிலை நிலையத்தில் கொட்டாங்கச்சி மாதிரி கிண்ணங்கள் சுற்றுவதும் இதே தத்துவம். சின்னக் காற்றுக்கே கிளம்பிவிடும். ஆனால் காற்றின் வேகத்தைத் தாண்டி அதிகம் ஓடாது, பிடிக்கும் சக்தியும் குறைவு, காற்றுக்குக் காட்டும் பரப்பு முழுவதையும் தகட்டால் மூட வேண்டும். புயலில் அது ஒரு பாயாக மாறிவிடும்.

மாமாவிடம் இருப்பது வேறு சாதி. பிரான்ஸ் பொறியாளர் ஜார்ஜ் டாரியே 1925-ல் காப்புரிமைக்குப் பதிவு செய்தது. விமான இறக்கை போன்ற மெல்லிய வடிவம், விமானத்தை மேலே தூக்கும் அதே தூக்குவிசையில் ஓடும். கயிறு தாண்டும்போது கயிறு வளைவதுபோல் வளைந்த இறக்கை ஒரு வகை, நேராக நிற்கும் இறக்கை இன்னொரு வகை. இரண்டும் அவருடைய அதே காப்புரிமையில் இருக்கின்றன.

நெட்டுக்குத்தாக நிற்கும் ஒரு பலகையைக் காற்று தள்ளினால் அது காற்றோடுதானே போக வேண்டும், எப்படிக் காற்றைவிட மூன்று மடங்கு வேகத்தில் சுற்றுகிறது? மாமா இதைத்தான் அடுத்துக் கேட்டார். இதற்கு நாகப்பட்டினத்திலிருந்து வேளாங்கண்ணிக்கு ஆடி மாதத்தில் பைக்கில் போனவர்களுக்குப் பதில் தெரியும். சாலை தெற்கே போகிறது, காற்று மேற்கிலிருந்து. பைக்கை நிறுத்தினால் காற்று நேராக வலக் காதில் அடிக்கும். 18 கிலோமீட்டர் வேகத்தில் போனால் முன்பக்கம் வலமாக, 45 டிகிரியில் வருவதுபோல் இருக்கும். 54-ல் போனால் ஏறத்தாழ நேர் எதிரே, 18 டிகிரி சாய்வில். 72-ல் 14 டிகிரி. காற்று மாறவே இல்லை. நம் ஓட்டம் சேர்ந்து திசையை மாற்றிக் காட்டுகிறது. இறக்கையும் அப்படித்தான், தன் ஓட்டத்தாலேயே தனக்கு ஒரு எதிர்க்காற்றை உண்டாக்கிக்கொள்கிறது. அந்த எதிர்க்காற்று சின்னக் கோணத்தில் மேலே படும்போது இறக்கைக்குத் தூக்குவிசை கிடைக்கிறது. அந்த விசை எதிர்க்காற்றுக்குச் செங்குத்தாக இருப்பதால் கொஞ்சம் முன்னோக்கிச் சாய்ந்திருக்கும். அந்தக் கொஞ்சம்தான் காற்றாலையைச் சுற்றுகிறது. பாய்மரப் படகு குறுக்குக் காற்றில் முன்னேறுவதும் இதே வழியில்தான்.

எவ்வளவு கொஞ்சம்? கோணம் 14 டிகிரி என்றால் நூறு பங்கு தூக்குவிசையில் 24 பங்கு முன்னே தள்ளுகிறது. மிச்சம் ஏறக்குறைய முழுவதும் இறக்கையை உள்ளேயோ வெளியேயோ இழுத்து, இறக்கையைத் தாங்கும் குறுக்குக் கைகளைத்தான் வதைக்கிறது. அந்த 24-லிருந்து இழுவையும், அதாவது காற்று இறக்கையைப் பின்னால் இழுப்பதும், கழிய வேண்டும். இறக்கை சொரசொரப்பாக இருந்தால், பின் ஓரம் மொத்தையாக இருந்தால், கழிவு கூடும். செங்குத்துக் காற்றாலை இவ்வளவு நுணுக்கம் கேட்பதற்குக் காரணம் இந்தச் சின்ன மிச்சத்தில் பிழைப்பதுதான்.

இப்போது தொடக்கத்துக்கு வருவோம். நின்றுகொண்டிருக்கும் இறக்கைக்கு எதிர்க்காற்றே கிடையாது. காற்று கன்னாபின்னாவென்ற கோணத்தில் அடிக்கிறது. பன்னிரண்டு, பதினைந்து டிகிரியைத் தாண்டினால் காற்று இறக்கையின் மேற்பரப்பை ஒட்டி ஓடாது, பிரிந்து சுழிக்கும். தூக்குவிசை விழுந்து இழுவை ஏறிவிடும். இதை ஸ்டால் என்பார்கள். காற்றின் வேகத்துக்குச் சமமான ஓட்டத்திலிருந்து ஏறத்தாழ இரண்டு மடங்கு வரை இறக்கை ஒவ்வொரு சுற்றிலும் இந்த ஸ்டாலுக்குள் போய்ப் போய் வரும். அந்தப் பள்ளத்தில் மோசமான வடிவம் சுற்றும் விசையையே இழந்துவிடும். பள்ளத்தைத் தாண்டிவிட்டால் தானாக வேகம் பிடித்து ஓடும். மாமாவின் காற்றாலையைக் கையால் தள்ளிவிட்டுப் பார்த்தோம். ஏழெட்டுச் சுற்று போனது, தளர்ந்தது, நின்றது. பள்ளத்திலேயே விழுந்து கிடந்தது.

அந்த இறக்கையை அளந்தோம். அகலம் 15 சென்டிமீட்டர், அதிகபட்சத் தடிமன் ஒன்றே முக்கால் சென்டிமீட்டரைச் சற்றுத் தாண்டியது. அகலத்தில் 12 சதவீதம். நாசாவுக்கு முன் அமெரிக்காவில் இருந்த என்.ஏ.சி.ஏ. அமைப்பு இறக்கை வடிவங்களுக்கு எண் கொடுத்து வைத்தது. 0012 என்றால் இரு பக்கமும் ஒரே வளைவு, தடிமன் 12 சதவீதம். 0018 என்றால் 18, 0021 என்றால் 21. 0012 நல்ல வடிவம்தான், விமானத்துக்கும் பெரிய வேகத்துக்கும். சின்ன இறக்கை, மெல்லக் காற்று என்று வந்தால் அது சீக்கிரம் ஸ்டாலாகும், அதுவும் திடீரென்று. தடித்த மூக்கு உள்ள 0018, 0021 வடிவங்களில் காற்று இன்னும் கொஞ்ச தூரம் ஒட்டி வருகிறது, விட்டாலும் மெதுவாக விடுகிறது. உச்சத் திறன் சற்றுக் குறைந்தாலும் கிளம்புகிற காற்றாலை கிளம்பாததைவிட மேல். தடித்த இறக்கைக்கு உள்ளே எலும்பு வைக்கவும் இடம் கிடைக்கும். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 2006-ல் செங்குத்துக் காற்றாலைக்கென்றே வரைந்த டி.யு. 06-டபிள்யூ-200 என்ற வடிவமும் இந்த வழியில் வந்ததே. 20 சதவீதத் தடிமன், மிக லேசான ஒருபக்க வளைவு.

இறக்கை மேல் பழி போடுவதற்கு முன் ஜெனரேட்டரையும் பார்த்துவிட வேண்டும். நிலைக்காந்த ஜெனரேட்டர்களில் காந்தம் இரும்புப் பல்லைப் பிடித்துக்கொண்டு விடாது. மீன் எடை போடும் கொக்கித் தராசைக் காற்றாலைக் குறுக்குக் கையின் நுனியில் மாட்டி இழுத்தோம். முந்நூறு கிராம் காட்டியபோதுதான் அசைந்தது. ஜெனரேட்டரைக் கழற்றிவிட்டு இழுத்தால் ஐம்பதுகூட இல்லை. நின்ற நிலையில் இறக்கை தரும் சின்ன விசையை இந்தப் பிடிப்பே தின்றுவிடும். இரும்புப் பல் இல்லாத வகை ஜெனரேட்டர் கிடைக்கிறது. வாங்கும்போதே கேட்டு வாங்குவது நல்லது.

சரி, இனி கைகள். இறக்கையைத் தண்டோடு சேர்க்கும் குறுக்குக் கைகளை லேத் பட்டறையில் ஆர்ம் என்பார்கள். ஒரு இறக்கைக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று. மூன்று இறக்கைக்கு ஆறு. மாமாவுடையதில் அவை ஒரு இஞ்சு உருட்டுக் குழாய்கள். பார்வைக்கு ஒல்லியானவை. யாரும் அவற்றைக் குறை சொல்ல மாட்டார்கள், நானும் முதலில் கவனிக்கவில்லை.

உருண்டைக் குழாய் காற்றைக் கிழிப்பதில் மகா மோசம். பின்னால் பெரிய சுழலை இழுத்துக்கொண்டே போகும். அதே தடிமனில் மீன் வடிவமாக, முன்னே உருண்டு பின்னே கூர்ந்து செய்தால் இழுவை ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகக் குறையும். ஆற்றில் கெண்டை எந்த வடிவத்தில் இருக்கிறதோ அந்த வடிவம். இப்போது கணக்கு. வினாடிக்கு 5 மீட்டர் காற்றில், இறக்கை மூன்று மடங்கு வேகத்தில், வினாடிக்கு 15 மீட்டரில் ஓடுகிறது என்று வைப்போம். ஆரம் 1 மீட்டர், நிமிடத்துக்கு 143 சுற்று. தண்டின் அருகே கை மெதுவாகவும் நுனியில் வேகமாகவும் போகிறது. எல்லாவற்றையும் கூட்டினால் ஒரு கை ஏறத்தாழ 14.7 வாட்டைக் காற்றைக் கலக்குவதற்கே செலவழிக்கிறது. ஆறு கைக்கு 88 வாட்.

மூன்று இறக்கைகளும் சேர்ந்து பிடித்ததே 87 வாட்தானே. முழுவதையும் கைகளே சாப்பிட்டுவிட்டன. நடைமுறையில் அந்த வேகத்தைக் காற்றாலை எட்டவே எட்டாது. பாதி வழியில், ஸ்டால் பள்ளத்துக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். சதுரக் குழாய் போட்டிருந்தால் இன்னும் மோசம். பட்டறையில் வெல்டிங்குக்கு வசதி என்று சதுரக் குழாயைத்தான் எல்லோரும் எடுக்கிறார்கள். இறக்கையை மெருகேற்றி மெருகேற்றிச் செய்துவிட்டு, கைக்கு ஒரு இஞ்சு குழாயைப் பற்றவைப்பதைப் பார்க்கும்போது எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். ஒரு காற்றாலையில் ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய முடியும் என்றால், நான் கைக்கு மீன் வடிவ உறை போடுவதைத்தான் செய்வேன். 88 வாட் விழுங்கியது ஒன்பது, பத்து வாட்டுக்கு இறங்கும்.

கை எங்கே சேர வேண்டும் என்பதும் முக்கியம். நீளமான மூங்கிலை இரண்டு பேர் தூக்கும்போது நுனிகளில் பிடித்தால் நடுவில் தொய்யும். பழகியவர்கள் சற்று உள்ளே தள்ளிப் பிடிப்பார்கள். 2 மீட்டர் இறக்கையில் இரு முனைகளிலிருந்தும் 41 சென்டிமீட்டர் உள்ளே கைகளை வைத்தால் இறக்கையை வளைக்கப் பார்க்கும் அதிகபட்சச் சுமை, முனைகளில் வைத்ததைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காகிவிடும். துளை போடும் இடத்தை மாற்றுவதுதான் வேலை, பைசா செலவில்லை.

அடுத்தது அகலம். மூன்று இறக்கைகளின் அகலத்தையும் கூட்டி ஆரத்தால் வகுத்தால் வருவதை அடர்வு எனலாம். 15 சென்டிமீட்டர் இறக்கை மூன்று என்றால் 0.45. 20 ஆக்கினால் 0.6, 25 ஆக்கினால் 0.75. அடர்வு கூடினால் கிளம்பும் விசை கூடும், காற்றாலை தன் உச்சத் திறனை இன்னும் மெதுவான ஓட்டத்திலேயே எட்டும். காற்றைப்போல் மூன்று மடங்கு ஓட வேண்டியது இரண்டேகால் மடங்கில் வேலையை முடித்துவிட்டால், கைகள் விழுங்கும் சக்தி பாதிக்கும் கீழே போகிறது, வெளியே வீசும் விசையும் 44 சதவீதம் குறைகிறது. உச்சத் திறன் சற்றுக் குறையலாம், ஜெனரேட்டரும் மெதுவான சுற்றுக்குத் தோதானதாக இருக்க வேண்டும். புத்தகத்து வரைபடத்தில் எந்த வடிவத்தின் கோடு அதிக உயரம் போகிறது என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பவர்கள் மெல்லிய, வேகமான இறக்கைக்குப் போகிறார்கள். டெல்டாவில் வருஷத்தில் பெரும்பாலான நேரம் அந்த உச்சிக்குக் காற்றாலை போகவே போகாது. 3, 4, 5 மீட்டர் காற்றில் என்ன தருகிறது என்பதைப் பார்த்துத்தான் நம் ஊருக்கு இறக்கை வரைய வேண்டும். அகலமான, தடித்த, மெதுவான இறக்கை என்பது என் முடிவு.

அகலத்தைக் கூட்டும்போது ஒரு நுட்பம் ஒளிந்திருக்கிறது. இறக்கை வட்டத்தில் ஓடுகிறது. 15 சென்டிமீட்டர் அகல இறக்கையின் முன் ஓரமும் பின் ஓரமும் ஒரே நேரத்தில் வட்டத்தின் வெவ்வேறு இடத்தில் இருப்பதால், இரண்டும் காற்றைச் சந்திக்கும் திசையில் எட்டரை டிகிரி வித்தியாசம். இரு பக்கமும் சமமாகச் செய்த இறக்கை, ஓடும்போது ஒரு பக்கம் வளைந்த இறக்கைபோல் நடந்துகொள்ளும். போல்ட் போடும் இடத்தை அகலத்தின் கால்பங்கிலிருந்து நடுவுக்கு, அதாவது நாலு சென்டிமீட்டருக்கும் கொஞ்சம் குறைவாக நகர்த்தினாலே இறக்கையை இரண்டு டிகிரி திருப்பி வைத்ததற்குச் சமம். ஒரே அளவில் செய்த இரண்டு காற்றாலைகளில் ஒன்று நன்றாக ஓடி மற்றது சண்டித்தனம் செய்வதற்கு இதுவும் ஒரு காரணம். துளையை நீளவாக்கில் போட்டு, இரண்டு டிகிரி இப்படி அப்படித் திருப்பிப் பார்த்து இறுக்குவதுதான் வழி.

இறக்கையைத் திருகிச் சுற்றிய வடிவம், ஜிலேபி மாதிரி அழகாக இருக்கும், அதைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். அமெரிக்காவில் பேராசிரியராக இருந்த அலெக்சாண்டர் கோர்லோவ் 1990களில் தண்ணீர் ஓட்டத்துக்காகக் கொண்டுவந்தது. ஒவ்வொரு கணமும் இறக்கையின் ஏதாவது ஒரு பகுதி நல்ல கோணத்தில் இருப்பதால் குலுக்கல் குறைகிறது. நகர வீட்டு மாடியில் அது நல்ல குணம். சராசரியாகப் பிடிக்கும் சக்தியை அது பெரிதாகக் கூட்டிவிடாது, அச்சு வார்ப்பதோ பெரும்பாடு. பின்பக்கத்தைத் திறந்துவிட்டு ஜே வடிவமாக்கினால் கிளம்புவது எளிதாகும், ஓட்டத்தில் அந்தத் திறப்பே இழுவையாக மாறும். நடுவில் சவோனியஸைச் சேர்ப்பதும் அப்படித்தான். கிளம்பும்வரை உதவி, அப்புறம் பாரம். திமிங்கிலத் துடுப்பைப் பார்த்து முன் ஓரத்தில் மேடு மேடாக வைப்பது ஸ்டாலைத் தணிக்கும். நல்ல ஆராய்ச்சி, மாமாவின் குட்டைக்கு அவசரம் இல்லை.

சுற்றும்போதே இறக்கையின் கோணத்தை மாற்றிக்கொண்டே போகும் ஏற்பாடு மட்டும் தத்துவத்தில் எல்லாவற்றையும்விட மேல். ஸ்டாலே வராமல் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் ஒவ்வொரு இறக்கைக்கும் அசையும் தாங்கிகள், நெம்புகோல்கள் வேண்டும். வேதாரண்யம் உப்பளக் காற்றில் சைக்கிள் செயின் எத்தனை நாள் தாங்கும் என்று அந்த ஊர்க்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். கரையோரத்தில் அசையும் பாகம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு ஆயுசு.

ஆயுசு என்று வரும்போது பெரிய காற்றாலைகள் பட்ட பாட்டைச் சொல்லாமல் இருக்க முடியாது. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் காப்-ஷா என்ற ஊரில் 110 மீட்டர் உயரத்தில் ஏயோல் என்ற செங்குத்துக் காற்றாலையை 1980களில் நிறுத்தினார்கள். உலகிலேயே உயரமான செங்குத்துக் காற்றாலை அது. அடித் தாங்கி பழுதாகி 1993-ல் நின்றது. கலிபோர்னியாவில் அதே காலத்தில் நிறுத்திய நூற்றுக்கணக்கான டாரியே காற்றாலைகளில் அலுமினிய இறக்கைகள் சோர்ந்து விரிசல் விட்டன. காரணம் எளிது. காற்று வரும் பக்கத்தில் இறக்கை உள்ளே தள்ளப்படுகிறது, காற்று போகும் பக்கத்தில் வெளியே. ஒரு சுற்றுக்கு ஒரு முறை இந்தப்பக்கம் அந்தப்பக்கம் வளைகிறது. நிமிடத்துக்கு 143 சுற்று என்றால் ஒரு முழு நாளில் இரண்டு லட்சம் முறைக்கு மேல். ஒரு கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்துக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? அலுமினியத்துக்கு, இந்தச் சுமைக்குக் கீழே எத்தனை முறை வளைத்தாலும் சோராது என்று சொல்லும்படியான ஒரு எல்லை கிடையாது. போதாததற்கு 2 கிலோ இறக்கை அந்தச் சுற்றில் 46 கிலோ எடையைப்போல் வெளியே இழுக்கிறது. வேகம் இரட்டித்தால் 184 கிலோ.

இந்த இடத்தில்தான் டெல்டா கரையோரத்துக்கு ஒரு கைத்தொழில் கைவசம் இருக்கிறது. 2004 சுனாமிக்குப் பின் நாகை, வேதாரண்யம் கரை முழுக்க ஃபைபர் படகுகள் பெருகின. அவற்றைப் பழுது பார்க்கும் கொட்டகைகள் ஊருக்கு ஊர் உண்டு. அச்சு எடுப்பது, மேட் விரிப்பது, ரெசினில் ஹார்ட்னரை எந்த வெயிலுக்கு எவ்வளவு கலப்பது, குமிழி இல்லாமல் உருளையால் அழுத்துவது எல்லாம் அவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. கண்ணாடி இழை உப்புக்கு அஞ்சாது. நார்கள் நீளவாக்கில் ஓடும்படி அடுக்கினால் வளைந்து கொடுத்து வெகுகாலம் உழைக்கும். காற்றாலை இறக்கை என்பது அவர்களுக்கு இரண்டு பாதியாக வார்த்து ஒட்டும் ஒரு ஒல்லிப் படகு.

நாங்கள் 21 சதவீதத் தடிமனில், 22 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு மரக்கட்டையை இழைத்து அச்சு எடுத்தோம். வடிவம் சரியா என்று பார்க்க, பத்து சென்டிமீட்டருக்கு ஒன்றாகத் தகட்டில் வெட்டிய எதிர்வடிவத்தை வைத்து வெளிச்சத்தில் பார்ப்பது. வெளிச்சம் கசிந்தால் அங்கே பள்ளம். படகு வேலை செய்யும் அண்ணன் முதல் இறக்கையின் பின் ஓரத்தை ஐந்து மில்லிமீட்டர் மொத்தையாக விட்டிருந்தார். "கூரா இருந்தா கரையில மோதி உடையும் தம்பி" என்றார். படகுக்கு அது சரி. இது எதிலும் மோதாது, பின்னால் சுழல் விடாமல் காற்றை வழியனுப்ப வேண்டும் என்று சொன்னதும் அவரே உப்புத்தாள் எடுத்து உட்கார்ந்துவிட்டார். ஆறு கைகளுக்கும் அதே கொட்டகையில் மீன் வடிவ உறை போட்டோம்.

எவ்வளவு நல்ல இறக்கையாக இருந்தாலும் தென்னந்தோப்புக்குப் பின்னால் நிறுத்தினால் வேலைக்கு ஆகாது. நூறு மீட்டர் சுற்றுவட்டத்தில் உள்ள எதையும்விடப் பத்து மீட்டர் மேலே இருக்க வேண்டும் என்பது சிறிய காற்றாலைக்குப் பொதுவான அளவு. திறந்த வெளியில் உயரத்தை இரட்டித்தால் வேகம் பத்து சதவீதம் ஏறும், சக்தி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஏறும். மொட்டை மாடியில் பற்றவைப்பது எனக்கு ஒப்புதல் இல்லை. அங்கே காற்று உடைந்து புரண்டு வருகிறது, அதிர்வும் சுவருக்குள் இறங்கும்.

புயல்தான் கடைசிப் பரீட்சை. 2018 நவம்பர் 16 விடியலில் கஜா வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது பேராவூரணி, பட்டுக்கோட்டை வரை தென்னை எப்படிப் படுத்தது என்று பார்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மணிக்கு 120 கிலோமீட்டர் காற்றில் இருக்கும் சக்தி, நம் கணக்கின் 18 கிலோமீட்டர் காற்றைப்போல் ஏறத்தாழ 300 மடங்கு. சுற்ற விட்டால் இறக்கை சிதறும். பிரேக் போட்டு நிறுத்தினாலும் கம்பத்துக்கு ஆபத்து. அதை எதிர்த்து நிற்கும்படி இரும்பைக் கூட்டிக்கொண்டே போவதைவிட, அடியில் கீல் வைத்து, கை வின்ச்சால் இறக்கிப் படுக்கவைக்கும் கம்பம் மேல் என்று நினைக்கிறேன். புயல் எச்சரிக்கை இப்போது சில நாள் முன்னாலேயே வந்துவிடுகிறது. இறக்கை இலேசாக, போல்ட் நாலே நாலில் கழலும்படி இருந்தால் இரண்டு பேர் ஒரு மணி நேரத்தில் இறக்கிவிடலாம். அதற்காகவும்தான் இறக்கைக்கு எடை குறைய வேண்டும்.

புது இறக்கை ஏற்றிய அன்று காற்று பெரிதாக ஒன்றும் இல்லை, பகல் மூன்று மணிக் கடற்காற்றுதான். தானாகக் கிளம்பியது. அரைச் சுற்றில் நிற்கும் பழக்கம் போய்விட்டது. மாமா வெகுநேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று இரவு கொட்டகை விளக்கு அதில்தான் எரிந்தது.

ஐப்பசியில் முதல் புயல் எச்சரிக்கை வந்ததும் கம்பத்தைச் சாய்த்து, மூன்று இறக்கைகளையும் கழற்றி, கொட்டகைக்குள் வைக்கோல் பரப்பி அடுக்கினோம். மாமா ஒன்றைத் தொடையில் வைத்து, பின் ஓரத்தை விரலால் நீள நெடுகத் தடவினார். ஒரு இடத்தில் விரல் நின்றது. "இங்க கொஞ்சம் மொத்தையா இருக்கு மாப்ள. புயல் போறதுக்குள்ள தேய்ச்சிடலாமா?"